ஐந்து புள்ளி மூன்று ஒன்பது

மூன்று மணிக்குக் கூப்பிடலாம் என்று நான்தான் சொன்னேன். அங்கே அப்போது ஆறரை ஆகியிருக்கும், யூன் புஜாங் இரவுச் சாப்பாட்டை முடித்திருப்பார், கொரியாக்காரர்கள் அதையெல்லாம் சீக்கிரமே முடித்துவிடுவார்கள் என்று பெரிய விஷயம்போல விளக்கினேன். ஞானதிரவியத்தின் மனைவி புஷ்பராணி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் எதைச் சொன்னாலும் இந்த வீட்டில் தலையை ஆட்டித்தான் கேட்டுக்கொள்வார்கள், அவன் இருந்தபோதும் அப்படித்தான். இப்போது மணி இரண்டே கால். முக்கால் மணி நேரம் கையில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் காலையிலிருந்து விடாத மழை. சாப்பாட்டு மேசையில் ஞானதிரவியத்தின் மூன்று ஆல்பங்கள், நான் கொண்டுவந்த சின்னத் தராசு, எழுதாத அட்டைகள் ஒரு கட்டு, அவளுடைய ஃபோன். சுவரில் வசனக் காலண்டருக்குப் பக்கத்தில் ஞானதிரவியம், என் இருபத்தைந்து வருட நண்பன், போன அக்டோபரில் செத்துப்போனவன், பிளாஸ்டிக் மாலைக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறான். புஷ்பராணி எனக்கு இரண்டு வேலை கொடுத்திருக்கிறாள். ஒன்று, காசு ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை எழுத வேண்டும், கோயம்புத்தூரில் இருக்கிற மகள் ஜெமிமாவுக்கு இதெல்லாம் என்னவென்று தெரிய வேண்டும். இன்னொன்று, யூன் புஜாங்கைக் கூப்பிட்டு, அடுத்த மாதம் முதலாம் ஆண்டு நினைவு ஜெபக்கூட்டத்துக்கு வர வேண்டாம் என்று அவர் பாஷையிலேயே சொல்ல வேண்டும். "அவரு இந்தப் படி ஏறவே கூடாதுண்ணே. சாகக் கெடந்த மனுசன் கையில போலிக் காசக் குடுத்துட்டுப் போனவரு, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்து ஜெபத்துல உக்காருவாரு? இங்கிலீசுல எழுதப் போனா எனக்கு மரியாதயாத்தான் எழுத வருது. நீங்க சொல்லிருங்க." சரிம்மா என்றேன். சரிம்மா. அது போலி இல்லை. இந்த உலகத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் ஆல்பம், முதல் பக்கம். ஒரு ஜோன், பழைய கொரியாவின் சில்லறைக் காசு, வெண்கலம், குவாங்மு ஒன்பதாம் ஆண்டு, அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்து. எழுதுகிறேன். கையெழுத்து நன்றாகத்தான் வருகிறது. இதைத்தான் அவன் முதன்முதலில் வாங்கினான், கொரியாவின் உல்சான் நகரத்தில், கம்பெனி எங்களைப் பயிற்சிக்கு அனுப்பிய அந்தக் குளிர்காலத்தில். நான் அளவுமானிப் பிரிவு, பாகங்களை அளந்து சரிபார்க்கிற வேலை, அவன் பெயிண்ட் ஷாப். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் இருந்தால் அழுகை வருகிறது என்று என்னையும் இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போனான், அங்கே ஒரு பெரியவர் தரையில் போர்வை விரித்துப் பழைய பூட்டு, மூக்குக்கண்ணாடி, காசு என்று பரப்பியிருந்தார். இவன் குந்தி உட்கார்ந்து இந்தக் காசைக் கையில் எடுத்து, "கோழி படம் போட்டிருக்கான் வே" என்றான். கோழி இல்லை, அது அவர்களுடைய ஃபீனிக்ஸ் என்று பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகும் கோழிக் காசு என்றுதான் சொல்வான். பதிமூன்றே வருடம் இருந்த ஒரு சாம்ராஜ்யம், பக்கத்து நாட்டுக்காரன் வந்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான், அதன் காசை எதற்குச் சேர்க்க வேண்டும் என்று என் வீட்டுக்காரி கேட்காத நாள் இல்லை. எனக்குப் பதில் தெரியாது. அவனுக்குத் தெரியும். "தோத்துப்போனவன் காச யாராவது வச்சிருக்கணும்லா வே" என்பான். தமிழ்நாடு முழுக்கத் தேடினாலும் இந்தக் காசுக்காக உயிரை விடுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். இரண்டு பேர் இருந்தால் போட்டி இருக்கும். இதை எந்த அட்டையிலும் எழுத முடியாது. அவனுக்குப் போட்டி என்ற நினைப்பே கிடையாது, படத்தைப் பார்ப்பான், சந்தோஷப்படுவான், எடை, விட்டம், வெள்ளி எத்தனை பங்கு என்பதெல்லாம் "உம்ம டிப்பார்ட்மெண்டு வே" என்று என் பக்கம் தள்ளிவிடுவான். போட்டி முழுவதும் என்னிடம்தான் இருந்தது. அவன் ஆல்பத்தில் இருப்பது எதுவும் என்னிடம் இல்லாமல் இருக்கக் கூடாது என்று நான் பார்த்துக்கொண்டேன். இருபத்தைந்து வருடம் பார்த்துக்கொண்டேன். குவாங்முவுக்கு அடுத்த ராஜாவின் காலம் யுங்ஹி, அதில் மூன்றாம் ஆண்டு இருபது ஜோன் வெள்ளி மட்டும் எங்கள் இருவருக்குமே கிடைக்கவில்லை, அதனால் அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

எண்ணெய் காய்கிற வாசனை. வாழைக்காய் சீவுகிறாள். "பஜ்ஜி போடுதேண்ணே, மழைக்கு நல்லாருக்கும்." ஆஸ்பத்திரியில்கூட அன்றைக்கு இதே மாதிரி கேன்டீனிலிருந்து எண்ணெய் வாசனை மூன்றாவது மாடிவரை வந்துகொண்டிருந்தது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, முகம் வீங்கி, அந்தச் சிரிப்பு மட்டும் வீங்காமல் கட்டிலில் சாய்ந்திருந்தான். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பட்டுத் துணியை எடுத்தான். "யூன் புஜாங் வந்திருந்தாரு வே. என்னப் பாக்கணும்னே பிளேன் ஏறி வந்திருக்காரு மனுசன். அவங்க அம்மா பெட்டியில இருந்ததாம். ரெண்டு கையிலயும் ஏந்திக் குடுத்தாரு." யூன் அவனுடைய பழைய பிரிவுத் தலைவர், புஜாங் என்றால் அதுதான், ரிட்டயர் ஆகி ஊருக்குப் போனவர். துணியைப் பிரித்தான். டிராகன், மேலே எழுத்து, திருப்பினால் இரண்டு கிளைகளுக்கு நடுவில் இருபது ஜோன், உச்சியில் பூ. யுங்ஹி மூன்று. எனக்குக் காது அடைத்தது. விளிம்பைப் பிடித்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். மேலே படிந்திருந்த நிறம், செதில்களின் கூர்மை, விளிம்பின் வரிகள், எல்லாம் சரி. எல்லாமே சரியாக இருந்ததில் ஒரு கோபம் வந்தது. இதைச் சொல்ல எனக்கு இப்போதும் கூசுகிறது. அவன் சாகப் போகிறான் என்று எனக்குத் தெரியும், டாக்டர் என்னிடம்தான் சொல்லியிருந்தார், ஆனாலும் கோபம் வந்தது. சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற இந்தத் தராசை எடுத்து மருந்து வைக்கிற மேசையில் வைத்தேன். காசை வைத்தேன். நான்கு புள்ளி பூஜ்யம் நான்கு என்று காட்டியது. "என்ன வே, எடை சரியா இருக்கா? நல்லாப் பாரும்" என்றான். இருக்க வேண்டியது ஐந்து புள்ளி மூன்று ஒன்பது என்றேன். ஒன்றேகால் கிராமுக்கு மேல் குறைகிறது, யாரோ அச்சு எடுத்துச் செய்தது, போலிப்பா என்றேன்.

ஐந்து புள்ளி மூன்று ஒன்பது. அது பொய்யான எண் இல்லை. இருபது ஜோனுக்கு அந்த எடை உண்டு, குவாங்மு ஒன்பதிலும் பத்திலும். பதினொன்றாம் ஆண்டிலிருந்து வெள்ளியைக் குறைத்தார்கள், காசு சின்னதாகிவிட்டது, அதற்கப்புறம் வந்த யுங்ஹி ஆண்டுகள் எல்லாமே நான்கு கிராமும் சொச்சமும்தான். இந்தக் காசைச் சேர்க்கிற எவனுக்கும் இது அரிச்சுவடி. வருடத்தை மாற்றிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். அப்படித்தான் நான் எனக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பூந்தமல்லி தாண்டி பஸ் நெரிசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது, அடடா, யுங்ஹிக்குப் போய் குவாங்மு எடையைச் சொல்லிவிட்டோமே, நாளைக்கு முதல் வேலையாகப் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் போனேன். அவனுக்கு டயாலிசிஸ், பேச முடியவில்லை. அதற்கு அடுத்த தடவை போனபோது புஷ்பராணி கூட இருந்தாள், அவளுக்கு முன்னால் எப்படி. மூன்றாவது தடவை அவன் தூங்கிக்கொண்டிருந்தான், தூங்குகிறவனை எழுப்பக் கூடாது. பதினோரு நாள். பதினோராம் நாள் விடியும்போது போய்விட்டான். ஆனால் பூந்தமல்லி என்பது உண்மையா? லிப்டில் இறங்கும்போதே கை வியர்த்திருந்ததே, அது எதற்கு? லிப்டில் என்னோடு ஒரு நர்ஸ் இருந்தாள், சார் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். உறைக்காதவன் முகத்தைப் பார்த்து நர்ஸ் எதற்கு அப்படிக் கேட்கப் போகிறாள். சரி, லிப்டிலேயே தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். லிப்டிலிருந்து திரும்பி மூன்றாவது மாடிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும். பட்டனை அழுத்தினால் அரை நிமிடம். நான் வெளியே வந்து டீ குடித்தேன். அந்த டீ நன்றாக இருந்தது என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

"அண்ணே, இதுல எழுதியிருக்கே, இத அப்படியே ஒட்டிரலாமா?" மாவு ஒட்டிய விரலால் இரண்டாவது ஆல்பத்தின் நடுப்பக்கத்தைத் தொடாமல் காட்டுகிறாள். ஞானதிரவியம் தன் கையாலேயே எழுதிய பழைய அட்டை. யுங்ஹி இரண்டு, இருபது ஜோன், வெள்ளி. எடை 4.04. ஏகாம்பரம் நிறுத்துப் பார்த்தது. கீழே தேதிகூடப் போட்டிருக்கிறான். என் பெயரைத் தன் கோணல் எழுத்தில் எழுதி அதன்கீழ் ஒரு கோடும் இழுத்திருக்கிறான், அரசாங்க முத்திரை மாதிரி. இது பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது. அவன் ஒரு நாள், ஒரே ஒரு நாள் வீட்டுக்கு வந்திருந்தால், இந்தப் பக்கத்தைப் புரட்டியிருந்தால். அவன் வீட்டுக்கு வர மாட்டான் என்று டாக்டர் யாரிடம் சொல்லியிருந்தார்? என்னிடம். அப்படியானால் அதுவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. இல்லை, இப்படியெல்லாம் போட்டு முடிச்சுப்போடக் கூடாது, மனசு கண்டதையும் கோத்துக்கொண்டே போகும். "ஒட்டலாமாண்ணே?" ஒட்டலாம்மா, அதே போதும் என்கிறேன். அவள் உடனே போகவில்லை. "இதுலயும் போலி கீலி எதும் இருந்தா எடுத்துருங்க. பிள்ளைக்குப் போறது நல்லதா இருக்கணும். நீங்க பாத்துச் சொல்லிட்டியன்னா எங்களுக்கு அதுக்கு மேல ஒண்ணுமில்ல. அவியளும் அப்படித்தான சொல்லுவாவ, ஏகாம்பரம் சொல்லிட்டான்னா அளவு முடிஞ்சிச்சின்னு." அப்புறம் சிரித்துவிட்டு, சிரிப்பை நிறுத்தாமலே கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். "புஜாங்குக்கு அனுப்புன அந்த லெட்டர என்னைத்தான் எழுதச் சொன்னாவண்ணே. நாக்கு குழறிப் போச்சு, ஆனா ஒவ்வொரு வார்த்தையா சொல்லி எழுத வச்சாவ. உம்ம என் தகப்பனா நெனச்சேன், கடைசியில எனக்கு இதக் குடுத்துட்டீரேன்னு. காசயும் அதுலயே வச்சி அனுப்பச் சொன்னாவ. அன்னைக்கு ராத்திரி அழுதாவண்ணே. நோவுக்கு ஒரு நாளும் அழல." சமையலறைக்குப் போய்விட்டாள். எண்ணெயில் மாவு விழுகிற சத்தம். இரண்டு நாற்பது.

நோவுக்கு ஒரு நாளும் அழவில்லை. இதை அவள் எனக்கு இதற்கு முன் சொன்னதில்லை. எழுத வேண்டும், அடுத்த காசு, இரண்டு ஜோன் ஐந்து புன், வெண்செம்பு, தேய்ந்தது. இந்தக் காசின் கதை எனக்கு எப்போதும் பிடிக்கும், கேட்கிறவர்கள் யார் கிடைத்தாலும் சொல்வேன். ஊரெல்லாம் கள்ளத்தனமாக அடித்து அடித்து, நல்லது எது கெட்டது எது என்றே தெரியாமல் போய்விட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்தில் புதுக் காசுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று மேசை போட்டு உட்கார்ந்தார்கள். ஜனங்கள் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவன் முதல் தரம் என்றால் முழு மதிப்பு, இரண்டாம் தரம் என்றால் பாதிகூட இல்லை, மூன்றாம் தரம் என்றால் ஒன்றுமில்லை, வெட்டித் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவான். இதைச் சொல்லும்போது நான் எப்போதும் மூட்டையோடு நிற்கிறவனாகத்தான் என்னை நினைத்துக்கொள்வேன், கேட்கிறவர்களும் உச்சுக்கொட்டுவார்கள். இன்றைக்கு அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்க்கிறேன். அவனும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவிச் சாப்பிட்டிருப்பான். சில காசுகளை நல்லது என்று தெரிந்தே தள்ளியிருப்பானா? எதற்குத் தள்ள வேண்டும், அவனுக்கு என்ன கிடைக்கும்? எனக்கு என்ன கிடைத்தது? அந்தக் காசு எனக்கு வரவில்லை, வரும் என்றும் நான் நினைக்கவில்லை. அவனிடம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். சாகப் போகிறவன் தலையணைக்கு அடியில்கூட இருக்கக் கூடாது. இத்தனை சின்னதா நான்? நாற்பது வயதுக்கு மேல் ஒருவன் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ளப் புதிதாக எதுவும் இருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எனக்கு அறுபத்தொன்று ஆகிறது.

பஜ்ஜித் தட்டு வருகிறது. ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன், சுடுகிறது. என்ன சொல்லப் போகிறேன் என்று யோசிக்க வேண்டும், பதினைந்து நிமிடம்கூட இல்லை. என் கொரிய மொழி தொழிற்சாலையில் கற்றது, நலம் விசாரிக்க வரும், சண்டை போட வரும், வராதே என்று மரியாதையாகச் சொல்லவும் வரும். புஷ்பராணிக்கு ஒரு வார்த்தையும் புரியாது, யூனுக்குத் தமிழ் தெரியாது, நடுவில் நான். நான் யூனிடம் மழை பெய்கிறது என்று சொல்லிவிட்டு இவளிடம் சொல்லிட்டேம்மா, மனசு வருத்தப்பட்டார் என்று சொல்லலாம். யூனிடம் வாருங்கள் என்று சொல்லிவிட்டு இவளிடம் வர மாட்டார் என்று சொல்லலாம், வந்து நிற்கும்போது பார்த்துக்கொள்ளலாம். அல்லது இவள் கேட்டபடியே செய்துவிடலாம், அதுதான் சுலபம், அவர் வர மாட்டார், எல்லோரும் செத்துப்போவோம், இது யாருக்கும் தெரியாமலே போய்விடும். உண்மையைச் சொல்லலாம் என்று நான்காவதாக ஒன்று இருக்கிறது. இவளிடம் சொன்னால் இவள் என்ன செய்வாள்? என் வீட்டை விட்டால் எனக்குத் தட்டு வைக்கிற ஒரே வீடு இது. அவன் போன பிறகும் மாதம் ஒரு ஞாயிறு கூப்பிட்டு மீன்குழம்பு போடுகிறாள், சைவக்காரன் வீட்டில் பிறந்த என்னை மீன் தின்ன வைத்ததே இந்த வீடுதான். ஜெமிமா என்னைப் பெரியப்பா என்கிறாள். வேண்டாம். ஒரு வருடமாகச் சொல்லாததை இன்றைக்குச் சொன்னால் அது கொடுமை இல்லையா, ஆறிவருகிற புண்ணை எதற்குக் கிளற வேண்டும். என்ன அக்கறை எனக்கு, அவளுடைய புண் மேல். "சாப்பிடுங்கண்ணே, ஆறிரும்." கடிக்கிறேன். நாக்கு வெந்துபோகிறது. நல்லாருக்கும்மா.

மணி மூன்று. அவளே எண்ணை அழுத்தி ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு எதிரே நிற்கிறாள், சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி. மணி போகிறது. எடுக்காமல் இருக்கட்டும். மனுஷன் வெளியே போயிருக்கட்டும். எடுத்துவிட்டார். குரல் முன்னைவிட மெலிந்திருக்கிறது. நான் இன்னார் என்றதும், ஏகாம்பரம்-ஸி, ஏகாம்பரம்-ஸி என்று அவர்கள் ஊர் மரியாதையோடு இரண்டு தடவை சொன்னார், எத்தனை வருடமாயிற்று என்றார், உடம்பு எப்படி, முட்டி வலி எப்படி என்றார். நான் தயார்செய்து வைத்திருந்த வாக்கியத்தை ஆரம்பித்தேன். ஜெபக்கூட்டம் பற்றிப் பேச வேண்டும் என்றேன். அதற்குள் அவர் மெதுவாகப் பேசத் தொடங்கிவிட்டார், எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, அந்தக் காலத்தில் தொழிற்சாலையில் பேசுவாரே அப்படியே. எனக்குத் தெரியும், புஷ்பராணி அம்மா என்னை வர வேண்டாம் என்று சொல்லச் சொல்லியிருப்பார், நியாயம்தான் என்றார். அந்தக் காசு போலி என்று சத்தியமாக எனக்குத் தெரியாது, என் அம்மா சாகும்வரை பெட்டியில் வைத்திருந்தது, அம்மாவின் அப்பா கொடுத்ததாம். ஆனால் நீங்கள் பார்த்துப் போலி என்று சொன்னதாக ஞானதிரவியம் எழுதியிருந்தான். நீங்கள் அளந்தால் தவறாது, அது எனக்குத் தெரியாதா. அம்மாவை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள், பாவம், அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், வாசலில் நின்றாவது. முடியாது என்றால் நீங்கள் எனக்காக அவரிடம் கேளுங்கள் என்றார். காசு எங்கே என்று கேட்டேன். ஆமாம், அதைத்தான் முதலில் கேட்டேன். பேரன் விளையாடக் கொடுத்துவிட்டேன், போலிதானே, பூங்காவில் எங்கேயோ தொலைத்துவிட்டான் என்றார்.

எனக்கு நெஞ்சை அடைத்தது காசுக்காகத்தான், அந்த ஒரு கணம் காசுக்காக மட்டும்தான், யுங்ஹி மூன்று, அந்தச் செதில், அந்த நிறம், ஏதோ ஒரு பூங்காவின் மண்ணில். அந்த அடைப்பு எனக்குத் தெரிந்த அடைப்பு. ஆஸ்பத்திரியில் அந்தக் காசைப் பார்த்ததும் காது அடைத்ததே, அதே. அப்போது எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது, மறந்தால்தானே நினைவுக்கு வர. பூந்தமல்லி இல்லை. லிப்ட் இல்லை. தராசு நான்கு புள்ளி பூஜ்யம் நான்கு என்று காட்டியபோது, அட, சரியாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். சரியாக இருக்கிறது என்று நினைத்துவிட்டு, எந்த எண்ணைச் சொன்னால் அவன் நம்புவான் என்று தேடி, ஐந்து புள்ளி மூன்று ஒன்பதை எடுத்துச் சொன்னேன். அவன் உடனே நம்பினான். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, "அப்படியா வே" என்று மட்டும் சொல்லித் துணியைத் திரும்ப மடித்தான், அதன் பழைய மடிப்பிலேயே. ஃபோனில் யூன் காத்துக்கொண்டிருக்கிறார், அவர் மூச்சு கேட்கிறது. எதிரே இவள். "என்ன சொல்லுதாரு? வர மாட்டாராமா?" வாயைத் திறந்தேன், எந்த மொழியில் திறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. "அது போலி இல்ல, புஜாங்-நிம். நல்ல காசு. எடை சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் மாத்திச் சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன்." யூன், என்ன, என்ன சொன்னீர்கள், ஏகாம்பரம்-ஸி, கேட்கவில்லை என்கிறார். தமிழில் சொல்லியிருக்கிறேன்.

சமையலறையில் எண்ணெய் புகைகிற வாசனை வருகிறது, அதைப் புஷ்பராணி கவனிக்கவில்லை. என்னைப் பார்க்கிறாள், பிறகு அட்டைகளை, பிறகு திரும்பவும் என்னை. நான் ஏதாவது சொல்ல வேண்டும், மன்னிச்சிரும்மா என்று, ஆனால் ஃபோனை இறக்கவும் முடியவில்லை, அதில் அந்தக் கிழவர் என் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவள் உள்ளே போனாள். அடுப்பை அணைத்தாள். கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தாள். "எனக்கு விளங்கிட்டு" என்றாள். குரல் ரொம்ப சாதாரணமாக இருந்தது, பால்காரரிடம் பேசுகிற மாதிரி. "அந்த மனுசனுக்கு விளங்குத மாதிரி இப்ப சொல்லுங்க." எப்போதும் ஒட்டிக்கொண்டு வருகிற அண்ணே அதில் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, சுவர்ப் படத்துக்குக் கீழே, எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.